பச்சை முத்திரை

கையெழுத்தை நன்றாகத்தான் போடுவார். அதுதான் பயம். புத்திக்கு முன்னால் கை போயிருக்கக் கூடாதா? கோணல்மாணலாக ஒரு கிறுக்கல் போதும், 'இது செல்லாது' என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மூச்சு விடலாம். ஆனால் எல்லாம் விட்டுப் போன பிறகும் அந்தக் கை மட்டும் விசுவாசமாக அப்பாவோடு தங்கிவிட்டது. அம்மா இறந்ததை மறந்தார். சூப்பை எதனால் எடுத்துக் குடிப்பது என்பதை மறந்தார். 'ஈவர்ட் பூர்ஸ்மா' என்ற பெயரின் முதல் சுழியையும், கடைசி எழுத்திலிருந்து கிளம்பி முழுப் பெயருக்கும் அடியில் ஓடி வரும் அந்த நீண்ட வாலையும் மட்டும் மறக்கவில்லை.

மேசை இழுப்பறையின் சாவி கிளெண்டாவின் உள்ளங்கையில் வியர்த்துக் கிடந்தது. சனிக்கிழமை, காலை பத்தாகப் போகிறது. பன்னிரண்டுக்கு வங்கியை மூடிவிடுவார்கள். கர்ட் பத்து மணிக்கு அப்பாவை அழைத்து வருவதாகச் சொல்லியிருந்தான். அவன் சொன்ன நேரத்துக்கு வந்து பழக்கமில்லாதவன். ஆனால் இந்த விஷயம் என்றால் மட்டும் நிமிஷம் தப்பமாட்டான்.

"உன் தம்பி வர்றான்னியே, பிஸ்கட்டை ஒளிச்சு வெச்சுடவா?" என்று கவுண்டரிலிருந்து ஜூலீன் கேட்டாள். அவள் கையில் காற்றாலை அச்சு போட்ட பாதாம் பிஸ்கட் டப்பா. "போன தடவை வந்தப்ப டப்பாவோட காலி. கணக்கு ஆரம்பிக்க வந்தவங்களுக்குக் குடுக்க வெச்சிருந்தது."

"குடுத்துடு. பாவம், அவன் வேற என்னத்த சாப்பிடறான்."

"சாப்பிடறதுதான் தெரியுதே, ஆளப் பாத்தா. ஊறுகாய் கம்பெனில அவனையே ஊறப்போட்டு எடுத்த மாதிரி இருக்கான்."

கிளெண்டா சிரித்தாள். சிரிப்பு முகத்தில் வந்தது, அவ்வளவுதான்.

இழுப்பறைக்குள் இருந்தது ஒரு ரப்பர் முத்திரை. பச்சை மை. அந்த வட்டாரத்தில் அது இருந்த ஒரே இடம் இந்தச் சின்னக் கூட்டுறவு வங்கிதான். அதை அடிக்கும் அதிகாரம் பதினேழு வருஷமாகக் கிளெண்டாவுக்கு மட்டும். கம்பெனியின் புத்தகத்திலேயே பெயர் பதிந்திருக்கும் பங்குகளை இன்னொருவர் பெயருக்கு மாற்ற வேண்டுமானால் வெறும் கையெழுத்து போதாது. கையெழுத்துப் போட்டவர் இன்னார்தான், என்ன செய்கிறோம் என்று அறிந்துதான் போட்டார் என்று ஒரு வங்கி பிணை நிற்க வேண்டும். அந்தப் பிணைதான் முத்திரை. அடிப்பதற்கு முன் கையெழுத்துப் போடுபவரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்க வேண்டும். 'இது என்ன காகிதம், எதற்காகக் கையெழுத்துப் போடுகிறீர்கள்?' அவ்வளவுதான் அவளுடைய வேலை. பிறகு பச்சைக் குறிப்பேட்டில் தேதி, பெயர், அடித்ததா மறுத்ததா, மறுத்தால் என்ன காரணம்.

பதினேழு வருஷத்தில் அந்தக் கேள்வியை அவள் கேட்காமல் விட்டது ஒரே ஒரு முறை.

வியாழக்கிழமை மதியம் கர்ட் போனில் கூப்பிட்டிருந்தான்.

"அக்கா, சனிக்கிழமை முத்திரையை எடுத்து வை. அப்பாவ கூட்டிட்டு வர்றேன்."

"எதுக்குடா?"

"வீர்ஸ்மா பங்கு மிச்சம் இருக்குல்ல, அத என் பேருக்கு மாத்தணும். மாத்தின அன்னிக்கே வித்துடுவேன். இந்த மாசம் முப்பதாம் தேதிக்குள்ள வாங்க வேண்டியத வாங்கி, பேர பதிஞ்சாகணும். அதுக்கப்புறம் புத்தகத்தை மூடிடுவாங்க."

"அது அப்பாவோட ரூம் வாடகைடா."

"பதினோரு மாச வாடகை. நான் சொல்றது அவர் இருக்குற வரைக்கும் வாடகை. நீ எப்பவும் பதினோரு மாசத்துக்குத்தான் யோசிப்ப."

அவள் போனைக் காதில் வைத்தபடியே இருந்தாள். அவனும் வைக்கவில்லை. பின்னணியில் ஜாடிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நகரும் சத்தம். கடைசியில், "பத்து மணிக்கு வர்றேன்" என்றான். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதை இரண்டு நாளாகச் சுமந்து திரிந்தாள்.

வீர்ஸ்மா என்பது நாற்காலி செய்யும் கம்பெனி. அப்பா அங்கே முப்பத்தெட்டு வருஷம் சுருள்வில் பொருத்தினார். கிறிஸ்துமஸுக்குக் கம்பெனி போனஸோடு சில பங்குகளும் தரும். மற்றவர்கள் விற்றுப் படகு வாங்கினார்கள். அப்பா ஒன்றைக்கூட விற்கவில்லை. ஒரு தடவை சர்ச் விருந்தில் தரகுக் கம்பெனி ஆள் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, பங்குகளைத் தங்களிடம் போட்டுவைத்தால் எல்லாம் சுலபம் என்று விளக்கினார். பட்டாணி சூப்பிலிருந்து தலை நிமிராமல் அப்பா கேட்டாராம்: "என் பசுவ ஒன் தொழுவத்துல கட்டிட்டு, பாலுக்கு நான் ஒன் வாசல்ல நிக்கணுமா?" ஊரே அதைச் சொல்லிச் சிரித்தது. தரகரிடம் இருந்தால் கம்பெனியின் புத்தகத்தில் தரகரின் பெயர்தான் இருக்கும், நம் பெயர் இருக்காது என்பது அப்பாவுக்கு ஒரு அவமானம் போலப்பட்டது. சர்ச்சின் உறுப்பினர் ஏட்டில் பெயர் இருப்பதும் வீர்ஸ்மாவின் பங்குதாரர் ஏட்டில் பெயர் இருப்பதும் அவருக்கு ஏறக்குறைய ஒன்று. இரண்டையும் அவர் நம்பினார். இரண்டும் அவரைக் கைவிடவில்லை.

அந்தப் பசு வாக்கியத்தைத்தான் கர்ட் எடுத்துக்கொண்டு போனான்.

வேலை போய், மனைவியும் போய், அப்பா வீட்டு நிலவறையில் கட்டில் போட்டுப் படுத்திருந்த குளிர்காலத்தில் அவனுக்கு அந்தக் கூட்டம் கிடைத்தது. கணினியில் மட்டும் பழக்கமான, முகம் தெரியாத பல்லாயிரம் பேர். 'ஹார்த் அண்ட் ஹெம்' என்று துண்டும் போர்வையும் விற்கும் கடைச் சங்கிலி ஒன்று நொடித்துக்கொண்டிருந்தது. அதைப் பெரிய முதலைகள் திட்டமிட்டுக் கொல்கிறார்கள் என்றும், தரகரிடம் கிடக்கும் பங்கு வெறும் நிழல் என்றும், அதைப் பிடுங்கி நேராகத் தன் பெயரில் கம்பெனிப் புத்தகத்தில் பதிந்துகொள்பவனே உண்மையான சொந்தக்காரன் என்றும் அவர்கள் நம்பினார்கள். பங்கு ஏட்டை வைத்திருக்கும் பதிவாளர் அலுவலகத்திலிருந்து தபாலில் வரும் அறிக்கையைப் படம் எடுத்துப் போடுவார்கள். மற்றவர்கள் வாழ்த்துவார்கள். கர்ட் தன்னுடையதைச் சட்டம் போட்டு மாட்டினான். கீழே அப்பாவின் பசு வாக்கியம். அதற்கு ஒரே நாளில் ஒன்பதாயிரம் பேர் இதயம் போட்டார்களாம். சொல்லும்போது அவன் கண் கலங்கியது. அவன் வாழ்க்கையில் ஒன்பது பேர் சேர்ந்தாற்போல அவனைப் பாராட்டியதில்லை என்பது கிளெண்டாவுக்குத் தெரியும்.

ஒரு கோடையில் அந்தப் பங்கின் விலை திடீரென்று ஏழு மடங்கு ஏறியது. தரகரிடம் வைத்திருந்தவர்கள் ஒரு விரலை அழுத்தி விற்றுவிட்டு வெளியேறினார்கள். கர்ட்டால் முடியவில்லை. நேராகப் பதிந்த பங்கை விற்க அவன் கடிதம் எழுத வேண்டும், அது போய்ச் சேர வேண்டும், அவர்கள் பதிவுகளைச் சரிபார்க்க வேண்டும். ஒன்பது நாள். ஒன்பது நாளில் விலை வந்த வழியே இறங்கிவிட்டது. அவன் அழுவான் என்று நினைத்து கிளெண்டா ஆப்பிள் கேக் செய்து எடுத்துக்கொண்டு போனாள். அவன் கேக்கைத் தின்றுகொண்டே, "விக்க முடியாததுதான்க்கா இதோட பலமே. நம்மள மாதிரி ஆளுங்க விக்காம இருந்தாத்தான் அவனுங்க சாவானுங்க" என்றான். நிஜமான பெருமையோடு சொன்னான். அன்றைக்குத்தான் அவள் முதல்முறையாக அவனுக்காகப் பயந்தாள். ஆனால் அதற்குள் அவள் செய்ய வேண்டியதைச் செய்து முடித்திருந்தாள். அப்பாவின் பங்குகளில் பாதி ஏற்கெனவே அவள் முத்திரையோடு அவன் பெயருக்குப் போய், துண்டுக் கடையின் பங்காக மாறியிருந்தது.

இப்போது அந்தக் கடை ஒன்றுகூட இல்லை. பேரங்காடியில் அது இருந்த இடத்தில் பிள்ளைகள் எகிறிக் குதிக்கும் வலை போட்டிருக்கிறார்கள். கடையின் திவால் வழக்கு நடக்கும் நீதிமன்றத்திலிருந்து கிளெண்டாவின் பெயருக்கே தடித்த உறைகள் வருகின்றன. அவளுடைய பிறந்தநாளுக்கு ஒரே ஒரு பங்கை அவள் பெயரில் பதிந்து கர்ட் பரிசாகக் கொடுத்திருந்தான். "இனி நீயும் ஏட்டுல இருக்கக்கா." கடைசி உறை செவ்வாய்க்கிழமை வந்தது. நாற்பத்தாறு பக்கங்களையும் அவள் படித்தாள். முப்பத்தோராம் பக்கத்தில் ஒரு வரி: பங்குகள் அனைத்தும் இந்த மாதம் முப்பதாம் தேதியோடு ரத்து செய்யப்படும், பங்குதாரர்களுக்கு எதுவும் கிடைக்காது. அவனும் அதே வரியைப் படித்தவன்தான். "அது தரகர்கிட்ட வெச்சிருக்கவனுக்கு எழுதினது. நம்ம பேர் புத்தகத்துல இருக்கு. புதுக் கம்பெனி வர்றப்ப அந்தப் புத்தகத்தப் பாத்துத்தான் குடுப்பாங்க" என்றான். அந்த வரியில் அப்படி எங்கே இருக்கிறது என்று அவள் கேட்டதற்கு, "எல்லாத்தையும் எழுதிவைப்பாங்களா?" என்று சிரித்தான்.

தெருவில் அவனுடைய பிக்கப் வண்டி வந்து நின்றது. பத்து மணி.

கண்ணாடிக்கு அப்பால் கர்ட் இறங்கிச் சுற்றி வந்து அந்தப் பக்கக் கதவைத் திறந்தான். அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு போட்டிருந்தான். தலை படிய வாரியிருந்தான். ஷூவின் நாடாவைக் குனிந்து சரிசெய்துவிட்டு, இரண்டு கைகளையும் பிடித்து நடைபாதை மேட்டில் ஏற்றினான். எவ்வளவு பொறுமை. கெட்டவனாக இருந்திருந்தால் எத்தனை சுலபம். முதியோர் இல்லத்துக்கு வாரம் மூன்று முறை போகிறவன் அவன். நகம் வெட்டிவிடுவது அவன். அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறாள், வாடகை ரசீதைச் சரிபார்க்கிறாள்.

அந்த இல்லம் சர்ச் நடத்துவது. அப்பாவின் ஜன்னலுக்கு வெளியே சோள வயல். வீர்ஸ்மாவின் மீதிப் பாதியை விற்று வாடகை கட்ட, அவரைத் தன் பொறுப்பில் எடுக்கும் மனுவை கிளெண்டா நீதிமன்றத்தில் போட்டிருக்கிறாள். அக்டோபரில் விசாரணை. அதற்குப் பிறகு பதினோரு மாதம். அதற்கும் பிறகு, ஐம்பது மைல் தள்ளி அரசாங்க விடுதியில் மூன்று பேர் படுக்கும் அறை. போன மாதம் ஒரு ஞாயிறு, சர்ச்சில் போதகர் நீண்ட ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தபோது, பதினோரு மாதத்துக்குள் அப்பா போய்விட்டால் நன்றாக இருக்கும் என்று அவள் மனம் தன்பாட்டுக்குச் சொன்னது. கணக்குச் சரியாக இருக்கும் என்று. ஆமென் என்று எல்லோரும் சொன்னபோது அவளும் சொன்னாள். அன்றிலிருந்து அவளால் ஜெபிக்க முடியவில்லை.

"வாங்க வாங்க, மாப்பிள்ளை மாதிரி வர்றீங்களே!" ஜூலீன் டப்பாவை நீட்டினாள்.

அப்பா தொப்பியை எடுத்துத் தலை வணங்கினார். "எங்க வீட்டுல அவகிட்ட சொல்லிடாதீங்க" என்று கண் சிமிட்டி, இரண்டு பிஸ்கட் எடுத்தார். ஒன்றைக் கர்ட்டிடம் கொடுத்தார். அவரை கிளெண்டாவின் அறைக்குள் கூட்டிப் போய் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அது வீர்ஸ்மா நாற்காலிதான். உட்கார்ந்ததும் அவருடைய கை தானாகவே இருக்கைக்கு அடியில் போய்ச் சுருள்வில்லைத் தடவிப் பார்த்தது.

கர்ட் அறைக் கதவைச் சாத்தினான். அவனிடமிருந்து வினிகர் வாடை வந்தது. படிவத்தை மேசையில் விரித்து, பேனாவை அதன் மேல் நேராக வைத்தான். எல்லாவற்றையும் அவனே சுத்தமாக நிரப்பியிருந்தான். கையெழுத்து இடம் மட்டும் காலி. அவள் முன்னால்தான் போட வேண்டும் என்ற விதிகூட அவனுக்கு மனப்பாடம்.

"சீக்கிரம் முடிச்சுடுவோம்க்கா. அவருக்குப் பதினொண்ணரைக்குச் சாப்பாடு."

"கர்ட், வேண்டாம்டா."

"என்ன வேண்டாம்? நீ கேக்க வேண்டியதக் கேளு, அடிக்க வேண்டியத அடி. உன் கையில இருக்குறது முத்திரை. தீர்ப்பு இல்ல."

அவன் சொன்னது சரி. கேள்வியைக் கேட்டால் போதும். அவளுடைய வேலை அவ்வளவுதான். அவள் அப்பாவின் பக்கம் குனிந்தாள். பதினேழு வருஷமாக அந்நியர்களிடம் கேட்டுக் கேட்டுத் தேய்ந்த கேள்வி, வாயில் புதிதாக, கூராக இருந்தது.

"அப்பா, இது என்ன காகிதம்னு தெரியுதா? எதுக்குக் கையெழுத்துப் போடப்போறீங்க?"

அப்பா காகிதத்தைப் பார்த்தார். மரியாதையாக, முழுவதும் படிப்பதுபோல, விரலை வரியோடு நகர்த்தினார். பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்துப் புன்னகைத்தார். அறியாத ஒரு பெண் அதிகாரியிடம் நல்லவிதமாக நடந்துகொள்ள விரும்பும் மனிதரின் புன்னகை அது.

"எனக்கு இதெல்லாம் அவ்வளவா புரியாதும்மா. என் பொண்ணு இது மாதிரி ஒரு எடத்துலதான் வேலை பாக்குறா. கெட்டிக்காரி. அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு சொல்றேன்."

"அப்பா," கர்ட் குரலை உயர்த்தாமல் சொன்னான், "இதுதான் உங்க பொண்ணு. கிளெண்டா. இங்க பாருங்க."

"அப்படியா?" அப்பா அவளை மறுபடி பார்த்தார். "ரொம்ப சந்தோஷம்."

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ சில்லறை கேட்டார்கள். ஜூலீன் எண்ணிக் கொடுக்கும் குரல் கேட்டது.

"நீ கேட்டுட்ட" என்றான் கர்ட். "கேட்டாச்சுல்ல? இப்ப அடி."

"பதில் சொல்லலையேடா அவரு."

"அன்னிக்குச் சொன்னாரா?"

அவள் படிவத்தை மேசை விளிம்போடு ஒட்டி நேராக்கினாள்.

"ரெண்டரை வருஷம் முன்னாடி, இதே நாற்காலி. அப்பவே அம்மா போய் நாலு வருஷம் ஆயிருந்துது. அவர் என்ன கேட்டாருன்னு ஞாபகம் இருக்கா உனக்கு?"

இருந்தது. ஜனவரி மாதம். ஷூவிலிருந்து உருகிய பனி தரைவிரிப்பில் பரவிக்கொண்டிருந்தது. பேனாவைக் கையில் எடுத்த அப்பா, 'டீனா கார்லயேதான இருக்கா? குளிருமே அவளுக்கு, சீக்கிரம் முடிங்க' என்று அம்மாவின் பெயரைச் சொன்னார். அது கர்ட்டின் காதிலும் விழுந்தது, அவள் காதிலும் விழுந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அவள் கேள்வியைக் கேட்கவில்லை, ஏனென்றால் பதில் அவளுக்குத் தெரியும். அப்பா அழகாகக் கையெழுத்துப் போட்டார். அவள் முத்திரையை எடுத்து அழுத்தினாள்.

ஏன் செய்தோம் என்று இந்த இரண்டரை வருஷத்தில் எத்தனையோ முறை தன்னைக் கேட்டிருக்கிறாள். தம்பியின் முகத்தில் பல வருஷத்துக்குப் பிறகு ஒரு வெளிச்சம் இருந்தது, அதை அணைக்க மனம் வரவில்லை என்று முதலில் பதில் சொல்லிக்கொண்டாள். அது உண்மைதான். பாதி சொத்து எப்படியும் அவனுடையதுதானே என்றும் சொல்லிக்கொண்டாள். அதுவும் உண்மைதான். அவற்றுக்கு அடியில், தூக்கம் வராத ஒரு விடியற்காலையில் கண்ணில் பட்டது வேறொன்று. கொண்டு போய்த் தொலைக்கட்டும் என்று அவள் நினைத்திருந்தாள். சின்ன வயதிலிருந்து அவனுக்குத்தான் எல்லோரும் இரங்கினார்கள், எல்லாவற்றையும் சரிசெய்ய வேண்டியவள் அவள். அவன் தொலைப்பான், அவள் சொன்னது சரி என்று ஆகும். அந்த அற்ப நியாயத்துக்காக முத்திரையை அழுத்தியிருக்கிறாள். அவன் தொலைத்தான். அவள் சொன்னது சரியாயிற்று. அதை வைத்துக்கொண்டு செய்ய ஒன்றுமில்லை.

"கோர்ட்டுல என்ன எழுதிக் குடுத்திருக்க?" கர்ட் கேட்டான். "எனக்கும் நகல் வந்துது. 'கடந்த ஒரு வருஷமா அப்பாவுக்குச் சுயநினைவு சரியில்ல.' ஒரு வருஷமா! ஏன் மூணு வருஷம்னு எழுதல?"

"தெரியும் உனக்கு."

"தெரியும். அதான் சொல்றேன். இன்னிக்கு நீ அடிக்கலைன்னா, அன்னிக்கு ஏன் அடிச்சன்னு கேப்பாங்க. நான் கேக்க மாட்டேன்க்கா. சத்தியமா. உன்ன மாட்டிவிடறவன் இல்ல நான். ஆனா யாராவது கேப்பாங்க. அன்னிக்கு அவர் சரியா இருந்தாருன்னா இன்னிக்கும் சரி. இன்னிக்குச் சரியில்லைன்னா அன்னிக்கும் இல்ல. ரெண்டுல ஒண்ணுதான்."

அவன் குரலில் மிரட்டல் இல்லை. அதுதான் தாங்கவில்லை. பள்ளிக்கூடத்துப் பையன் கணக்கின் விடையைக் காட்டுவதுபோலக் காட்டினான். கணக்கும் சரியாக இருந்தது.

"அக்கா, இங்க பாரு." அவன் நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டே வந்தான். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. "எனக்கு ஐம்பத்தி மூணு வயசு. ஜாடிக்கு மூடி போடறேன். இது ஒண்ணுதான் இருக்கு. என் பேரு ஒரு எடத்துல நேரா எழுதியிருக்கு, நடுவுல ஒருத்தனும் இல்லாம. இது பொய்யா இருந்தா நான் யாரு, சொல்லு?"

இதுவரை அவளைக் கேட்ட கேள்விகளில் உண்மையானது இதுதான் என்று தோன்றியது. அதற்கு மேல், பொய் என்றுதான் அவனுக்கும் தெரிந்திருக்கிறது என்றும் தோன்றியது. முப்பதாம் தேதிவரை தெரியாமல் இருக்க விரும்புகிறான். அதற்கு விலை அப்பாவின் பதினோரு மாதம்.

பேனா காகிதத்தில் உராயும் சத்தம் கேட்டது.

இருவரும் திரும்பினார்கள். அப்பா பேனாவை எடுத்திருந்தார். காலியான கோட்டைத் தானே கண்டுபிடித்திருந்தார். நாக்கு நுனியை உதட்டோரம் வைத்துக்கொண்டு முதல் சுழியை எடுத்தார், ஒவ்வொரு எழுத்தாக இறங்கினார், கடைசியில் மணிக்கட்டைத் திருப்பி அந்த வாலை இழுத்துப் பெயரின் தொடக்கம்வரை கொண்டுவந்து நிறுத்தினார். ஒரு நடுக்கம் இல்லை. மை காயும்வரை காத்திருந்து, காகிதத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"பாரு" என்றான் கர்ட். குரல் உடைந்திருந்தது. "பாருக்கா. இது அப்பா இல்லையா?"

அவள் பார்த்தாள். அப்பாதான். அவளுடைய பள்ளிக்கூட மதிப்பெண் அட்டைகளில் இருந்த அப்பா. கல்யாணப் பதிவில் இருந்தவர். அவரில் மிச்சம் இருப்பது இந்த மூன்று அங்குலம்தான், அது இங்கே மேசையில் கிடக்கிறது. தன் கையிலிருக்கும் சாவி பூட்டில் எப்படித் திரும்பும், முத்திரை எவ்வளவு கனம், மை எப்படி மணக்கும் என்று எல்லாம் அவள் உடம்புக்குத் தெரிந்திருந்தது. இரண்டு நொடி வேலை. கர்ட் அவளைக் கட்டிக்கொள்வான். அப்பா சாப்பாட்டுக்குப் போய்விடுவார். யாரும் எதையும் கேட்கமாட்டார்கள். முப்பதாம் தேதிக்குப் பிறகு இதைவிடப் பெரிய இருட்டு ஒன்று வரும், ஆனால் அது முப்பதாம் தேதிக்குப் பிறகு.

அடிக்காவிட்டாலும் இருட்டுதான். பதினோரு மாதத்துக்கு அப்புறம் அந்த மூன்று பேர் அறை. மறுப்பதால் எதுவும் மீளப்போவதில்லை.

அவள் சாவியை மேசைமேல் வைத்தாள். பச்சைக் குறிப்பேட்டைத் திறந்து தேதி எழுதினாள். அப்பாவின் பெயரை எழுதினாள். அடுத்த கட்டத்தில் 'மறுக்கப்பட்டது' என்று எழுதினாள். காரணம் என்ற கட்டத்தில் பேனா சற்று நின்றது. பிறகு, 'கையெழுத்திடுபவர் அறியும் நிலையில் இல்லை, மூன்று வருடங்களாக' என்று எழுதினாள்.

கர்ட் தலைகீழாக அதைப் படித்தான். வெகுநேரம் படித்தான்.

"உன்னையே மாட்டிக்கிற, தெரியுமா?"

"தெரியும்."

"எனக்காகக்கூட இல்லையா? ஒரு தடவை. அக்கா."

அப்பா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருடைய முகத்தில் கவலை படர்ந்தது. பேனாவை மெல்ல மூடி வைத்தார்.

"நான் தப்பா போட்டுட்டேனாம்மா?"

"இல்லப்பா" என்றாள் கிளெண்டா. "கையெழுத்து சரியாத்தான் இருக்கு."

படிவத்தை இரண்டாக மடித்து, மேசையின் அந்தப் பக்கம், தம்பியின் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தாள்.